ஏறுவதா, படிப்பதா, நர்சரி வைப்பதா? நெல்லைச் சீமையில் மர ஆலோசகர் ஆவதற்கான வழிகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் சாய்ந்த மரங்களை எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகு, சாயாமல் நின்ற மரங்களையும் பயத்தில் வெட்டினார்கள். அதை அவ்வளவு பேர் கவனிக்கவில்லை. பள்ளிக்கூட வளாகத்துத் தூங்குமூஞ்சி, கோயில் வாசல் வேம்பு, வீட்டை ஒட்டி நின்ற புளி எல்லாம் "விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்ற ஒரே கேள்வியில் போய்விட்டன. அந்தக் கேள்விக்கு மரத்தைப் பார்த்து, காரணம் சொல்லி, எழுத்தில் பதில் கொடுக்க ஆள் இருந்திருந்தால் அவற்றில் பல இன்றைக்கும் நின்றிருக்கும்.

அந்த ஆள்தான் மர ஆலோசகர். நம் பக்கம் இப்படி ஒரு போர்டு தொங்கவிட்டவர்கள் அபூர்வம். ஆனால் வேலை இருக்கிறது. பள்ளி நிர்வாகம், கோயில் தக்கார், சர்ச் கமிட்டி, மில்காரர்கள், தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள், பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் என்று கேட்கிற ஆட்கள் பல தரப்பில் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு வர நினைக்கிற இளைஞர்களுக்கு முன்னால் நாலு வழி இருக்கிறது. எந்த வழியில் வந்தால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். நாலும் ஒரே தரம் என்று நான் நினைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம். ஒரு மரத்தின் முன்னால் நின்றால், முதலில் பார்க்க வேண்டியது இலையை இல்லை, தூரை. தூரில் காளான் தட்டுத்தட்டாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே அழுகல் இருக்க வாய்ப்பு உண்டு. மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் பொந்து இருக்கிற பக்கம் சத்தம் மாறும். மரம் சாய்ந்து நிற்கிறதே என்று பயப்படுவார்கள். சிறு வயதிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம் தன்னைத் தாங்கிக்கொள்ளப் பழகியிருக்கும். போன மாதம் நேராக நின்று இந்த மாதம் சாய்ந்தது என்றால், எதிர்ப்பக்கம் மண் வெடித்துத் தூக்கியிருந்தது என்றால், அதுதான் ஆபத்து. அப்புறம் வேர். உறிஞ்சுகிற வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கிறது, கிளை பரவிய அளவையும் தாண்டிப் போகும். ரோட்டை அகலப்படுத்தும்போது ஒரு பக்கத்து வேரை ஜேசிபி அறுத்துவிட்டுப் போயிருக்கும். மரம் அன்றைக்கு விழாது. சில வருஷம் கழித்து ஒரு ஐப்பசி மழையில் விழும், பழியை எல்லோரும் காற்றின் மேல் போடுவார்கள். இதையெல்லாம் படித்து, எந்தக் கிளையை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது, எத்தனை மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று அறிக்கை எழுதித் தருவதுதான் வேலை.

சரி, முதல் வழி, ஏறுவது. மரம் கழிக்கிற கான்ட்ராக்ட் செட்டில் ஆளாகச் சேர்வது. படிப்பு தேவையில்லை, சேர்ந்த அன்றே கூலி. இந்த வழியில் கிடைக்கிற அறிவு வேறு எங்கும் கிடைக்காது. முருங்கை சொல்லாமல் ஒடியும், புளி முறுகிக் கடைசிவரை தாங்கும், மயில்கொன்றைக் கிளை வெளியே பச்சையாக இருந்து உள்ளே உளுத்திருக்கும். இதெல்லாம் காலுக்கடியில் கிளை அசையும்போது உடம்பில் ஏறுகிற பாடம். வெட்டி இறக்கிய ஒவ்வொரு கட்டையின் குறுக்குமுகமும் ஒரு புத்தகப் பக்கம்தான், ஏனென்றால் பத்து வருஷம் முன்னால் யாரோ தப்பாக வெட்டிய வெட்டு உள்ளே எவ்வளவு தூரம் அழுகிப் போயிருக்கிறது என்று அதில் தெரியும்.

அமெரிக்க வனத்துறையில் ஆராய்ச்சியாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் இதைத்தான் செய்தார். செயின் ரம்பத்தை எடுத்து ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கு வாட்டில் பிளந்து பார்த்தார். காயம்பட்ட திசுவை மரம் பழையபடி ஆக்குவதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கிவைத்துவிட்டுப் புது மரத்தை வெளியே வளர்க்கிறது என்று விளக்கினார். 1977-ல் அவர் இதை வெளியிட்ட பிறகு உலகம் முழுக்க வெட்டுகிற முறையே மாறியது. கிளையைத் தண்டோடு ஒட்ட மழுங்க வெட்டக் கூடாது. கிளை தொடங்குகிற இடத்தில் மோதிரம் போலத் தடித்திருக்கிற பகுதியை விட்டு, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் தார் பூசினால் அழுகல் நிற்காது. பெரிய கிளையானால் முதலில் அடியில் ஒரு வெட்டு, அப்புறம் கொஞ்சம் தள்ளி மேலே ஒரு வெட்டு, கடைசியில் மீந்த குட்டையைச் சுத்தமாக எடுப்பது என்று மூன்று தடவை வெட்டினால் பட்டை உரிந்து கீழே வராது. நம் செட்டுகளில் இந்த மூன்று வெட்டைப் பழக்கத்தால் சரியாகச் செய்கிற ஆட்கள் உண்டு. மோதிரத்தை விட்டு வெட்டுகிறவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

இந்த வழியில் ஒரு பெரிய கோளாறும் இருக்கிறது. நம் ஊரில் பாதி இடங்களில் கழிக்கிற கூலி ரூபாயாக வருவதில்லை. "விறகை நீங்களே எடுத்துக்கிடுங்க" என்று பேசி முடித்துவிடுவார்கள். அந்த நிமிஷமே கண் மாறிவிடும். சுண்டுவிரல் கனம் கிளையை எடுத்தால் போதும் என்கிற இடத்தில் தொடை கனம் கிளைக்கு அரிவாள் போகும், ஏனென்றால் சூளைக்காரர் எடை போட்டுத்தான் வாங்குகிறார். மரத்தை மொட்டை அடிப்பது இப்படித்தான் வழக்கமானது. மொட்டை அடித்த மரம் தளதளவென்று துளிர்ப்பதைப் பார்த்து எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். அந்தத் துளிர்கள் பட்டை ஓரத்திலிருந்து கிளம்பியவை, பிடிமானம் குறைவு. அவை கனத்து வளர்ந்த பிறகு ஒடிந்து விழுகிற கிளைதான் நிஜமான ஆபத்து. விறகுக்கூலி செட்டில் அதிக வருஷம் இருந்தவருக்கு மரம் எடையாகவே கண்ணில் படும். அந்தப் பார்வையை மாற்றிக்கொண்டு ஆலோசகர் ஆவது கஷ்டம்.

இன்னொன்று உயிர். பக்கத்தில் மின்கம்பி, இடுப்பில் ஒரு கயிறு, பல செட்டுகளில் காப்பீடு கிடையாது. ஹார்னஸ், ஹெல்மெட், கவட்டையில் போட்டு ஏறுகிற கயிறு இவை இல்லாத செட்டில் சேர வேண்டாம் என்று யாருக்கும் சொல்வேன், வீட்டில் எவ்வளவு கஷ்டம் என்றாலும்.

பனையேறி வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். தளைநாரும் முருக்குத்தடியும் வைத்துக் கிளையே இல்லாத தண்டில் ஏறுகிற உடம்பு எளிதில் யாருக்கும் வாய்ப்பதில்லை. பதநீர்ப் பருவம் வருஷத்தில் ஏறக்குறைய பாதிதான். மீதி மாதங்களில் கயிற்று முறையில் மரம் ஏறப் பழகினால் இந்தத் தொழிலில் மற்றவர்களைவிட நாலு படி மேலே இருந்து தொடங்கலாம். ஒன்றை மட்டும் புதிதாகப் பழக வேண்டும், கிளை மரத்தில் எடையைக் கயிறு தாங்க வேண்டும், கால் தாங்கக் கூடாது. உயிர் மரத்தில் ஆணிச் செருப்பு போட்டு ஏறுவதும் கூடாது, ஒவ்வொரு குத்தும் பட்டையில் காயம். தமிழ்நாட்டில் 2021 வேளாண் பட்ஜெட்டில் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்த பிறகு, ஒரு பனை நிஜமாகவே பட்டுவிட்டதா, நோயா, பிழைக்குமா என்று சொல்லத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடியிருக்கிறது. பனையேறியைவிட அதை யார் சொல்வார்கள்?

இரண்டாவது வழி படிப்பு. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியல் பட்டம் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றால் வல்லநாட்டை ஒட்டிய கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி. இரண்டும் நாலு வருஷம். பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் தாவரவியல் மூன்று வருஷம். இதில் கிடைப்பது நோய், பூச்சி, மண் பற்றிய முறையான அறிவு. அதற்கு எவ்வளவு மதிப்பு என்று வேப்பமரங்களைப் பார்த்தாலே தெரியும். மழைக்காலம் முடிகிற சமயத்தில் நம் வேம்புகளின் கொப்பு நுனிகள் கருகித் தொங்குகின்றன. தேயிலைக் கொசு என்கிற பூச்சியும் ஒரு பூஞ்சையும் சேர்ந்து செய்கிற வேலை இது. பார்க்கிறவர்கள் மரம் பட்டுப்போச்சு என்று ஆள் கூப்பிட்டு வெட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான மரங்கள் கோடையில் மறுபடி துளிர்த்துவிடும். "இப்ப தொடாதீங்க, சித்திரை வரைக்கும் பாருங்க" என்று தைரியமாகச் சொல்ல நோய் தெரிய வேண்டும். எத்தனை வருஷம் ஏறினாலும் அது தானாக வராது.

தென்னையிலும் அப்படித்தான். குருத்தைக் காண்டாமிருக வண்டு கடித்ததா, தண்டுக்குள் சிவப்புக் கூன்வண்டு இருக்கிறதா, ஓலையின் அடிப்பக்கம் சுருள் வெள்ளை ஈயா, அடித்தண்டில் செம்பழுப்பு நீர் கசிகிற தஞ்சாவூர் வாடலா என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். கூன்வண்டு என்றால் நாள் கடத்தக் கூடாது. வெள்ளை ஈ என்றால் கண்டபடி மருந்து அடிக்கக் கூடாது, அடித்தால் அதைத் தின்கிற நன்மை செய்யும் பூச்சிகளும் சேர்ந்து சாகும். ராதாபுரம், வள்ளியூர் பக்கமும் தென்காசிச் சீமையிலும் தோப்பு வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலுக்குப் பணம் கொடுக்கத் தயங்குவதில்லை. தெருமர வேலை சூடு பிடிக்கிறவரை சோறு போடுவது தென்னைதான், இதை ஆரம்பத்திலேயே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டத்தின் இன்னொரு பலன் கையெழுத்து. அரசு இடத்து மரத்தை வெட்டுவது பற்றி முடிவெடுக்க இப்போது மாவட்டந்தோறும் பசுமைக் குழு இருக்கிறது. அங்கேயோ நீதிமன்றத்திலோ ஒரு அறிக்கை போனால், அடியில் யார் பெயர், என்ன படிப்பு என்று முதலில் பார்ப்பார்கள். நியாயமோ இல்லையோ, நடப்பு அதுதான்.

படிப்பில் கிடைக்காததும் உண்டு. வனவியல் பாடம் பெரும்பாலும் காட்டையும் தோட்டமாக நட்ட தேக்கு, சவுக்கு, மலைவேம்பையும் பற்றியது. வேளாண்மை பயிரைப் பற்றியது. பேருந்து நிறுத்தத்துக்கு மேல் நிற்கிற எண்பது வயது வாகை மரத்தின் ஒரு கவட்டை பிளக்குமா என்று இந்தப் பாடங்கள் சொல்லித் தருவதில்லை. ஏறாத பட்டதாரி கீழே நின்று பார்த்து எழுதுகிற அறிக்கையில் இருபதடி உயரத்துப் பொந்து வராது. பெண்களுக்கு ஒரு வார்த்தை: இன்றைய நிலைமையில் கழிப்பு செட்டுகள் பெண்களைச் சேர்ப்பது அரிது, அதனால் படிப்பு வழிதான் திறந்திருக்கிறது. ஆனால் கயிற்றில் ஏறுவதைத் தனியாகப் பயிற்சி எடுத்துக் கற்றுக்கொள்ளலாம், எடை குறைந்த உடம்புக்கு அது இன்னும் சுலபம். இதை யாராவது செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

மூன்றாவது வழி, நர்சரியும் தோட்டம் அமைத்துக் கொடுப்பதும். சீக்கிரம் காசு வருகிற வழி இதுதான். கன்று வாங்க வருகிறவர்களோடு பேசிப் பேசி வாடிக்கையாளரைப் புரிந்துகொள்ளலாம். பையில் அதிக நாள் கிடந்த கன்றின் வேர் சுருண்டு சுற்றிக்கொள்வதையும், அப்படியே நட்டால் வளர்ந்த பிறகு அந்த வேரே மரத்தின் கழுத்தை நெரிப்பதையும் கண்ணால் பார்க்கலாம். பெரிய மரத்தைப் பெயர்த்து நடுகிற வேலையும் பெரும்பாலும் இவர்களுக்குத்தான் வருகிறது. ஆனால் இதில் நின்றுவிட்டு ஆலோசனை சொன்னால், பழசை எடுத்துவிட்டுப் புதுசு வையுங்கள் என்றுதான் வாய் சொல்லும். கோனோகார்பஸ் என்கிற மரம் ஊரெல்லாம் பரவியது இப்படித்தான், வேகமாக வளர்கிறது, சுவர் மாதிரி அடைக்கிறது, நன்றாக விற்கிறது. குஜராத் 2023-ல் அதை நடத் தடை போட்டுவிட்டது. ஆலோசகர் ஆக வேண்டுமென்று நினைக்கிறவருக்கு நர்சரியை நான் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.

நாலாவது அரசு வேலை. தேர்வாணையம் மூலம் வனத்துறையில் சேரலாம், வனவியல் பட்டத்துக்கு அங்கே முன்னுரிமை உண்டு. நல்ல வேலை, நிம்மதியான சம்பளம். ஆனால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் போட்டால் புலியும் தீத்தடுப்பும் ரோந்தும்தான் நாள் முழுக்க. தெருவில் நிற்கிற தனி மரத்தைப் பார்க்கிற வேலை அதில் ஓரமாகத்தான் வரும். அந்த ஆசை இருந்தால் போகலாம், இந்த ஆசைக்கு அது வழி இல்லை.

இந்த நாலுக்கும் மேலே ஒரு சான்றிதழ் இருக்கிறது. சர்வதேச மர வளர்ப்புச் சங்கம் நடத்துகிற தேர்வு, 200 கேள்வி. எழுத மூன்று வருஷ முழுநேர மரப் பராமரிப்பு அனுபவம் வேண்டும். சம்பந்தப்பட்ட நாலு வருஷப் பட்டம் இருந்தால் ஒரு வருஷ அனுபவம் போதும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தொடர் கல்விப் புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். தமிழில் கிடையாது. சங்கரன்கோவில் தோப்புக்காரர் இதைக் கேட்கப் போவதில்லை. சென்னை, பெங்களூர் கம்பெனிகளிடமோ வளைகுடாவிலோ வேலைக்குப் போக நினைத்தால் இது உதவும். என்னைக் கேட்டால், சான்றிதழைவிட அதற்காகப் படிக்கிற படிப்பு பெரிசு. ஏறிக் கற்றவருக்கு நோயும் மண்ணும் அதில் கிடைக்கும், கல்லூரியில் படித்தவருக்கு வெட்டும் ஆபத்துக் கணிப்பும் கிடைக்கும்.

வழிகளை ஒப்பிடும்போது பலரும் சம்பளத்தையும் வருஷத்தையும் மட்டும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, காசு எதிலிருந்து வருகிறது என்பதை. வெட்டினால் காசு என்றால் வெட்டச் சொல்வோம், கன்று விற்றால் காசு என்றால் நடச் சொல்வோம், மருந்துக்கடை வைத்திருந்தால் அடிக்கச் சொல்வோம். மனிதர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, அந்தக் கணக்கு தானாக உள்ளே ஓடும். அமெரிக்காவில் ஆலோசகர்கள் 1967-லேயே தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். பார்த்துச் சொல்வது அங்கே தனித் தொழிலாக நிலைத்துவிட்டது. நெல்லையில் இதைச் செய்தால் முதல் கேள்வி, "அண்ணாச்சி, சும்மா பாத்துட்டுப் போறதுக்கா ரூவா?" என்றுதான் வரும். பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். மரத்தை வெட்ட ஆகிற செலவையும், வெட்டிய பிறகு நிழல் போன வகுப்பறைக்குப் போட வேண்டிய தகரக் கொட்டகைச் செலவையும் தாளில் எழுதிக் காட்டினால் பார்வைக் கட்டணம் பெரிதாகத் தெரியாது. கான்கிரீட் போட்ட முற்றத்தில் தூரைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை உடைத்துவிட்டாலே மரம் தெளிந்துவிடும் என்று சொல்கிற ஆலோசனைக்கு ஒரு ரூபாய் மரவேலையும் வராது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு 2013-லேயே அந்த ஒரு மீட்டரைச் சொல்லியிருக்கிறது. வெட்டிச் சம்பாதிக்கிறவர் வாயிலிருந்து இந்த ஆலோசனை சுலபமாக வராது.

ஆகவே என் தேர்வு இது. பிளஸ் டூ முடித்து மார்க்கும் வசதியும் இருக்கிற பிள்ளைக்கு வனவியல் அல்லது வேளாண்மை, ஒவ்வொரு விடுமுறையும் ஒரு நல்ல கழிப்பு செட்டோடு. பட்டம் முடித்ததும் ஒரு வருஷமாவது முழுநேரம் கயிற்றில். தாவரவியல் முடித்து என்ன செய்வது என்று இருக்கிறவர்கள் எம்.எஸ்சி.க்கு ஓடுவதற்கு முன்னால் மூன்று வருஷம் ஏறிவிட்டு அந்தச் சான்றிதழ்த் தேர்வை எழுதலாம். ஏற்கெனவே ஏறுகிறவர்கள் நாளைக்கே விறகுக்கூலியை விட்டுவிட்டு ரூபாய்க் கூலி பேச வேண்டும், வருமானம் கொஞ்சம் இறங்கினாலும். கூடவே ஒரு நோட்டும் செல்போன் கேமராவும். வெட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் இடம், வகை, எந்தப் பக்கம் அழுகல், பழைய வெட்டு எங்கே என்று எழுதிப் படம் எடுத்து வைத்தால் மூன்று வருஷத்தில் எந்தக் கல்லூரியிலும் இல்லாத ஒரு பாடப்புத்தகம் கையில் இருக்கும். ஏறுவது, படிப்பது இரண்டில் ஒன்றுதான் முடியும் என்கிறவருக்கு, நோட்டோடு ஏறுவது என்பேன். பூச்சியையும் பூஞ்சையையும் நாற்பது வயதிலும் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். கயிற்றில் ஏற உடம்பு இருபதில் பழக வேண்டும்.

எந்த வழியில் வந்தாலும் முதல் பாடமாகத் திருப்புடைமருதூருக்கு ஒரு தடவை போய்வரச் சொல்வேன். தாமிரபரணிக் கரையில் ஊருக்குள்ளேயே நிற்கிற பெரிய மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகிற ஊர் அது, 2005-ல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கூடு இருக்கிற மாதத்தில் அங்கே ஒரு காய்ந்த கிளை வீட்டுக் கூரைக்கு மேல் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே எடுப்பதா, கீழே ஆள் நடமாட்டத்தைத் தடுத்துவிட்டுக் குஞ்சுகள் பறக்கிறவரை காத்திருப்பதா, முட்டுக் கொடுப்பதா? மூன்றுக்கும் காரணம் எழுதி, எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், ஏன் என்று ஒரு பக்கம் அறிக்கை எழுதிப் பாருங்கள். அந்தப் பக்கத்தை எழுதுகிறபோது எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ, அதைக் கற்றுத் தருகிற வழியில் முதலில் சேருங்கள்.